பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஹெபடைட்டிஸ் சி ஒன்றும் செய்யாதாமே, உண்மையா?

2024 பிப்ரவரி 11, மாலை. குழித்துறைக்காரன் கேட்டது:

மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. பிரசவத்துக்குப் பதிந்த இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. மஞ்சள் காமாலை வந்ததே இல்லை, உடம்பில் ஒரு குறையும் இல்லை. லேப்பில் வேலை பார்க்கும் மச்சான் சொல்கிறான், "ஆம்பிளைகளுக்குத்தான் இது ஈரலைத் தின்னும், பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகாது. அயர்லாந்தில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பார்த்திருக்கிறார்கள், பதினேழு வருஷத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் சிரோசிஸ், அதாவது ஈரல் வடுவாகிச் சுருங்குவது" என்று. அப்படியானால் மருந்தே வேண்டாமா? பிள்ளைக்கு வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 11, இரவு. கருங்கல் அக்கா:

தம்பி, முதலில் ஒன்று. எந்த டெஸ்ட் பாசிட்டிவ்? பிரசவத்துக்கு முன்னால் பார்ப்பது பெரும்பாலும் ஆன்டிபாடி, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள். என்றைக்கோ அந்த வைரஸ் உடம்புக்குள் வந்து போயிருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும். இப்போதும் வைரஸ் இருக்கிறதா என்பதை, வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் சொல்லும். லேப்பில் வைரல் லோடு என்று கேட்டால் எடுப்பார்கள். வைரஸ் ஏறியவர்களில் கணிசமான பேருக்கு, நாலில் ஒருவருக்காவது, முதல் ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அப்படிப் போவது அதிகம். அது வரும்வரை மச்சானோடு சண்டை போடாதீர்கள்.

2024 பிப்ரவரி 12. கருங்கல் அக்கா:

மச்சானின் அயர்லாந்துக் கணக்குக்கு வருகிறேன். இரண்டு சதவீதம் சரிதான். ஆயிரக்கணக்கான பெண்கள் இல்லை, 376 பேர். ரத்த வகை நெகட்டிவ் உள்ள தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் போடும் ஆன்டி-டி ஊசி 1977-78-ல் அங்கே வைரஸ் கலந்து போய்விட்டது. 1994-ல்தான் விஷயம் வெளியே வந்தது. 1999-ல் அறிக்கை வந்தது. அதே அறிக்கையில் இரண்டு சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. ஈரலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பெண்களில் பாதிப் பேருக்கு வடு விழத் தொடங்கியிருந்தது. ஃபைப்ரோசிஸ் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்களே, அதுதான்.

இன்னொன்று. அந்தப் பெண்களுக்கு வைரஸ் ஏறியபோது சராசரி வயது இருபத்தெட்டு. பதினேழு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் நாற்பத்தைந்துதான். மாதவிலக்கு நிற்பதற்கு முன்பு எடுத்த படம் அது.

கிழக்கு ஜெர்மனியிலும் 1978-79-ல் இதே ஊசியால் இதே கதை நடந்தது. அங்கே இன்னும் நீளமாகப் பின்தொடர்ந்தார்கள். இருபத்தைந்து வருஷத்தில் சிரோசிஸ் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. முப்பத்தைந்தாவது வருஷத்தில் கிட்டத்தட்ட பத்துப் பேருக்கு ஒருவர். இடையில் அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது என்று பெண்களுக்குத் தெரியும், மச்சானுக்குத்தான் தெரியாது.

2024 பிப்ரவரி 12, மதியம். கருங்கல் அக்கா:

"அக்கா டாக்டரா?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். இல்லை. எனக்கு இருந்தது, அதனால் படித்தேன்.

2024 பிப்ரவரி 15. கருங்கல் அக்கா:

கேட்டதால் சொல்லிவிடுகிறேன். 1993-ல் மூத்தவளைப் பெற்றபோது ரத்தப்போக்கு நிற்கவில்லை, அவசரத்துக்கு ரத்தம் ஏற்றினார்கள். இந்த வைரஸையே 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு ரத்த வங்கிகளில் இதைக் கட்டாயமாகப் பார்க்கத் தொடங்கியது 2001-ல். காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் தடுத்துத் தடை நடைமுறைக்கு வந்ததோ 1998-ல். ஆக, என் பாட்டிலில் யாருடைய ரத்தம் இருந்தது என்று தேடிப் பயனில்லை. அன்றைக்கு அது ஏறாமல் இருந்திருந்தால் இதை எழுத நானும் இல்லை.

2017-ல் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் வைத்தபோதுதான் தெரிந்தது. இருபத்து நான்கு வருஷம் ஒரு அறிகுறியும் இல்லை. களைப்பு இருந்தது. ரப்பர் தோட்டத்து வேலையும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் களைப்பு இருக்காது, யார் கணக்கில் எடுப்பார்கள்?

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஃபைல் அட்டையில் சிவப்பு மார்க்கரால் இந்த வைரஸின் பெயரை மூன்று எழுத்தில் எழுதினார்கள், வார்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. ஆபரேஷன் லிஸ்டில் என்னைக் கடைசியில் தள்ளினார்கள், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயந்தரம் வரை கிடந்தேன். வீட்டில் மைனி பாசத்தோடு சொன்னாள், "ஒனக்கு தனி கிளாஸ் வச்சிருக்கேன், ஒண்ணும் நெனைக்காண்டாம்." அந்த ஸ்டீல் கிளாஸின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வேறு. சாப்பாட்டால், தண்ணீரால், ஒரே தட்டில் தின்பதால், கட்டிப்பிடிப்பதால் இது பரவாது. ரத்தத்தோடு ரத்தம் சேர வேண்டும். பல் துலக்கும் பிரஷ், ஷேவிங் பிளேடு, நகவெட்டி இவற்றை மட்டும் தனியாக வைத்தால் போதும்.

2024 பிப்ரவரி 23. கருங்கல் அக்கா:

ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்று தம்பி போட்டிருக்கிறார். சரி. ஆக, வைரஸ் இருக்கிறது.

இப்போது மருந்து கிடையாது. கர்ப்பத்தில் இந்த மாத்திரைகளை இன்னும் வழக்கமாகக் கொடுப்பதில்லை, பிரசவத்துக்குப் பின்தான். பயப்பட அதில் ஒன்றும் இல்லை, இரண்டு மாதத்தில் ஈரல் ஓடிவிடாது.

பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் இருபதில் ஒன்று. தாய்க்கு எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் அது இரண்டு மடங்கு ஆகும், அதையும் பார்த்திருப்பார்கள். வைரஸ் ரத்தத்தில் இல்லாத, ஆன்டிபாடி மட்டும் உள்ள தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகாது என்றே சொல்லலாம்.

மாமியார் "வயிற்றைக் கீறி எடுத்தால் பிள்ளை தப்பிக்கும்" என்கிறாராம். இல்லை. சிசேரியனால் இது குறைவதாக ஆதாரம் இல்லை, வேறு காரணம் இருந்தால் மட்டும் செய்யட்டும். பனிக்குடம் உடைந்து ரொம்ப நேரம் வைத்திருக்காமல் பார்த்துக்கொள்வார்கள். டாக்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

2024 பிப்ரவரி 24. கருங்கல் அக்கா:

தாய்ப்பால் கொடுக்கலாம். இதை ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை சொல்வேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தே ஒருத்தியைப் பயமுறுத்திப் பால்பொடிக்கு மாற்றிவிட்டார்கள். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் ஆறும்வரை பீய்ச்சி எடுத்துக் கொட்டிவிட்டு, ஆறியதும் தொடரலாம்.

2024 மார்ச் 3. கருங்கல் அக்கா:

கீழாநெல்லிக்காரர்கள் வந்துவிட்டார்கள், வராமல் இருப்பார்களா. நம் குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான் இல்லாத ஊர் கிடையாது, என் தாத்தாவும் எண்ணெய் காய்ச்சியவர்தான், அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். ஊரில் கீழாநெல்லியால் "குணமான" மஞ்சள் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ. தண்ணீரால் வருவது. அது தானாகவே போகும், மோர் குடித்தாலும் போகும், குடிக்காவிட்டாலும் போகும். சி வைரஸ் அப்படி அல்ல, மஞ்சள் காட்டாமலே வருஷக்கணக்கில் இருக்கும். கீழாநெல்லி அதை விரட்டியதாக நிரூபணம் இல்லை. சீந்தில் கொடி கஷாயம் வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று குடித்தவர்கள் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே வடு உள்ள ஈரலுக்கு இந்தச் சோதனை எதற்கு?

2024 ஏப்ரல் 29. கருங்கல் அக்கா:

பெண் குழந்தை, சுகப்பிரசவம், இரண்டே முக்கால் கிலோ! வாழ்த்துகள் தம்பி. லட்டு எங்களுக்கு எப்போது?

ஒரு எச்சரிக்கை. யாரோ ஒருவர் கண்டிப்பாகப் பிள்ளைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். தாயின் ஆன்டிபாடி பிள்ளையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம்வரை சுற்றிக்கொண்டிருக்கலாம், அது பாசிட்டிவ் காட்டும், வீடே அழும். இரண்டு மாதம் முடிந்தபின் ஒரு ஆர்.என்.ஏ. டெஸ்ட், அல்லது பொறுமை இருந்தால் பதினெட்டு மாதத்தில் ஆன்டிபாடி.

2024 மே 20. கருங்கல் அக்கா:

எடுத்துவிட்டார்கள். வீடே அழுதிருக்கிறது. மச்சான்தானே?

2024 ஜூலை 14. கருங்கல் அக்கா:

தம்பி நேற்று எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதவில்லை. பிள்ளையின் ஆர்.என்.ஏ. பாசிட்டிவ். இருபதில் ஒருவர் என்று நான் சொன்னபோது அந்த ஒருவர் இந்த வீட்டில் என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

சமாதானம் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். பிறக்கும்போது தொற்றிய பிள்ளைகளில் நாலில் ஒருவர் முதல் சில வருஷத்தில் தானாகவே வைரஸை வெளியேற்றிவிடுவார்கள். சில ஆய்வுகளில் அதற்கும் மேல். மீதிப் பேரும் சாதாரணமாக வளர்கிறார்கள், ஓடுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். குழந்தைப் பருவத்தில் சிரோசிஸ் அபூர்வம், நூற்றுக்கு ஒருவர் இருவர். தடுப்பூசி எல்லாம் வழக்கம்போல் போடலாம், போட வேண்டும். சி-க்குத்தான் தடுப்பூசி இல்லை, ஏ-வுக்கும் பி-க்கும் இருக்கிறது, இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று வயதுவரை மருந்து இல்லை. மூன்று வயதிலிருந்து பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே வகை மாத்திரைகளை எடைக்கேற்ப கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு பிள்ளைகளுக்கு இருந்தது இன்டர்ஃபெரான் ஊசிதான், மாதக்கணக்கில் காய்ச்சலும் எடைக்குறைவுமாக. உங்கள் மகள் நல்ல காலத்தில் பிறந்திருக்கிறாள்.

2024 ஜூலை 15. கருங்கல் அக்கா:

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் "பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது" என்ற மச்சான் கட்சிக்கு நானே ஆள் சேர்த்த மாதிரி இருக்கிறது. அதனால் மறுபக்கம்.

ஜெர்மனியில் 1991-க்கு முன் இதய ஆபரேஷனுக்கு ரத்தம் ஏறிய பிள்ளைகளைச் சுமார் இருபது வருஷம் கழித்துப் பார்த்தார்கள். ஆன்டிபாடி இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்களுக்குத்தான் வைரஸ் மீதி இருந்தது, ஈரலும் பெரும்பாலும் நன்றாக இருந்தது. எல்லோரும் காட்டுவது அதைத்தான். ஆனால் இங்கிலாந்தில் சிறுவயதில் தொற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு பார்த்தபோது சுமார் மூன்றில் ஒருவருக்கு ஈரல் நோய் முற்றியிருந்தது, தொற்றி சுமார் முப்பத்து மூன்று வருஷம் கழித்து. பிறக்கும்போது தொற்றியவருக்கு முப்பத்து மூன்று என்றால் இளமை. நாற்பதில் தொற்றிய ஆணுக்கு எழுபதில் வருவது இவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வயதில் வரலாம். அவள் பிள்ளைக்கும் போகலாம். ஆகவே மூன்று வயதானதும் மருந்து. நான் தாயாக இருந்தால் ஒரு மாதம்கூடத் தள்ள மாட்டேன்.

தாலசீமியா பிள்ளைகள், புற்றுநோய் சிகிச்சை எடுத்த பிள்ளைகள் கதை வேறு. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இரும்புச்சத்து ஈரலில் படிந்து நோயின் வேகத்தைக் கூட்டும். அவர்களுக்கு ஆற அமர யோசிக்க நேரம் கிடையாது.

2024 செப்டம்பர் 8. கருங்கல் அக்கா:

"அக்கா, உங்கள் பிள்ளைகளுக்கு?" என்று தம்பியின் மனைவியே கேட்டிருக்கிறார். முதல் தடவையாக அவர் எழுதியது, எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

மூத்தவளைப் பெற்ற பிறகுதான் எனக்கு ரத்தம் ஏறியது, ஆக அவளுக்குப் பிரசவ வழியில் வாய்ப்பே இல்லை. பால் குடித்தாள், அதனாலும் வராது. கேள்வி 1997-ல் பிறந்த இளையவனைப் பற்றித்தான். 2017-ல் எனக்குத் தெரிந்த அன்று இரவு அவனை எண்ணித்தான் தூக்கம் வரவில்லை, ஈரலை எண்ணி அல்ல. அவன் கல்ஃபுக்குப் போக மெடிக்கல் எடுத்தபோது இந்த டெஸ்ட்டும் அதில் இருந்தது, நெகட்டிவ். நம் மாவட்டத்தில் பாதி ஆண்பிள்ளைகளின் உடல்நிலை விசா மெடிக்கலில்தான் வீட்டுக்குத் தெரிகிறது.

2024 செப்டம்பர் 21. கருங்கல் அக்கா:

விசா மெடிக்கல் என்று எழுதியது வினையாகிவிட்டது. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தங்கச்சி எழுதியதை எல்லோரும் படியுங்கள். வேலையில் ஊசி குத்தித் தொற்றியது, மருந்து எடுத்தாள், வைரஸ் போய்விட்டது, ஆனாலும் மெடிக்கலில் ஆன்டிபாடி பாசிட்டிவ், "அன்ஃபிட்." ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டைக் காட்டியும் பார்க்கவில்லையாம். குணமான பிறகும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும் என்பது தெரியாதவர்கள் அல்ல அவர்கள். இதற்கு என்னிடம் வழி இல்லை, ஆத்திரம்தான் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து நர்ஸிங் படித்த பெண்கள் இவர்கள்.

ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. குத்திய உடனே ரிஜிஸ்டரில் எழுத வையுங்கள். "சின்ன விஷயம், விடு சிஸ்டர்" என்று மேலே உள்ளவர்கள் சொன்னாலும் எழுத வையுங்கள்.

2024 நவம்பர் 2. கருங்கல் அக்கா:

மருந்து எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு. 2019-ல் எடுத்தேன். சோஃபோஸ்புவிர் ஒன்று, டாக்ளடாஸ்விர் ஒன்று, தினம் ஒரு வேளை, பன்னிரண்டு வாரம். நம் நாட்டில் அதிகம் காணப்படும் மூன்றாம் வகை வைரஸையும் இது பிடிக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம். முதலில் அமெரிக்காவில் இந்த சோஃபோஸ்புவிர் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், 2015-ல் நம் கம்பெனிகள் போடத் தொடங்கியதும் விலை தரைக்கு வந்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அரசு மையங்களில் இலவசம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். எனக்குத் தலைவலி கொஞ்சம், வேறொன்றும் இல்லை. மாத்திரை டப்பாவைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன், மைனிக்குத் தெரிய வேண்டாம் என்று. அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி-யும் பார்க்கச் சொல்லுங்கள், சி-யை விரட்டும்போது தூங்கிக் கிடக்கும் பி எழுந்துவிடலாம். ரிபாவிரின் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்துத் தந்தால் அப்போதும், முடிந்த பின் டாக்டர் சொல்லும் காலம் வரையிலும் கர்ப்பம் கூடாது. மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து வரும் ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்தான் தீர்ப்பு. குணமானவருக்குத் திரும்பத் தொற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

2024 நவம்பர் 3. கருங்கல் அக்கா:

காபி நல்லதா என்று கேட்டதற்கு: தினம் காபி குடிப்பவர்களுக்கு ஈரல் வடு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள். சாயாவுக்கு அந்தப் பெருமை இல்லை. நம் ஊரில் இதைச் சொன்னால் அடிப்பார்கள். சர்க்கரை நோயும் தொப்பையும்தான் பெரிய பகை. நான்கு மணிக்குப் பழம்பொரி தின்றுகொண்டே காபியின் நன்மையைப் பேசாதீர்கள்.

2025 மார்ச் 16. கருங்கல் அக்கா:

தம்பியின் மனைவி மருந்து தொடங்கப் போகிறார், பிள்ளை பால் மறந்துவிட்டது. தொடங்கும் முன் இன்னொரு தடவை ஆர்.என்.ஏ. எடுக்கச் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தி திரும்பும்போது சில பெண்களுக்கு வைரஸ் தானாகவே போய்விடுவது உண்டு. அதிகம் பேருக்கு அல்ல, ஆனாலும் ஒரு டெஸ்ட்தானே.

2025 மார்ச் 30. கருங்கல் அக்கா:

போகவில்லை. சரி, மாத்திரை தொடங்கட்டும்.

2025 அக்டோபர் 19. கருங்கல் அக்கா:

மனைவிக்குப் பன்னிரண்டு வாரத்து ரிப்போர்ட்: வைரஸ் இல்லை. ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் வடுவும் கிட்டத்தட்ட இல்லை. மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ஈரலுக்குக் காவல் இருக்கும், அந்தக் காவல் இருக்கும்போதே முடித்துவிட்டார். எனக்கு 2017-ல் எடுத்ததற்கும் 2019-ல் எடுத்ததற்கும் இடையில் வடு ஒரு படி ஏறியிருந்தது. அதற்கு முன் இருபத்து நான்கு வருஷத்தில் ஏறியதே ஒரு படிதான். இரண்டு வருஷமும் எனக்கு மாதவிலக்கு நிற்கிற வருஷங்கள். ஸ்கேன் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் என்று டாக்டர் சொன்னார், நானும் அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாதவிலக்கு நின்றபின் வேகம் கூடுகிறது என்று ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன.

பிள்ளைக்கு ஒன்றரை வயது. எடுத்துப் பார்த்ததில் வைரஸ் இன்னும் இருக்கிறது. எடை சரி, பேச்சு சரி, மச்சானின் கண்ணாடியைப் பிடுங்கி எறிகிறாளாம். 2027 ஏப்ரலில் மூன்று முடியும். அதுவரை அவளை யாரும் நோயாளி மாதிரிப் பார்க்க வேண்டாம். அங்கன்வாடியில் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். அவசியமில்லை. அடிபட்டு ரத்தம் வந்தால் யாருடைய ரத்தமானாலும் கையுறை போட்டுத் துடைப்பதுதான் முறை.

2025 டிசம்பர் 7. கருங்கல் அக்கா:

குளச்சல் பக்கத்திலிருந்து எழுதிய மகனுக்கு: அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, 1995-ல் கர்ப்பப்பை ஆபரேஷனில் ரத்தம் ஏறியிருக்கிறது, இப்போது எப்போதும் அசதி, பிளேட்லெட் குறைவு, டெங்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். இந்த வாரமே ஆன்டிபாடி பாருங்கள், பாசிட்டிவ் என்றால் அதே ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வும் பாருங்கள். பிளேட்லெட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போவது சில நேரம் ஈரல் சுருங்கிவிட்டதன் முதல் அடையாளம். பழைய ரிப்போர்ட்களைத் தேடி எடுங்கள், ஐந்து வருஷத்துக்கு முன்னால் எத்தனை இருந்தது என்று டாக்டர் கேட்பார். வயது, ரத்தத்தில் பார்க்கும் ஈரல் என்சைம்களான ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் நான்கும் இருந்தால் அவர் அங்கேயே கணக்குப் போட்டு வடு எவ்வளவு என்று ஒரு மதிப்புச் சொல்லிவிடுவார். சிரோசிஸ் என்றாலும் மருந்து உண்டு, ஆனால் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க. அம்மாவிடம் "வயசானா அசதி இருக்கத்தான் செய்யும்" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.